தோலுக்கு ஒரு விலை

விடிந்ததும் ஒரு வாய் காப்பி உள்ளே போனால்தான் அன்றைய பொழுது துவங்கியதாக எண்ணும் நம் வீடுகளில், கொட்டை வறுபடும் மணத்தை அறியாதவர் இல்லை. பீபெரிக்கும் பிளாண்டேஷனுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி விஸ்தாரமாகப் பேசக்கூடியவர்களும், சிக்கரி சேர்க்கலாமா, சேர்த்தால் எத்தனை பங்கு என்பதில் தீர்மானமான அபிப்பிராயம் உடையவர்களும் நம்மிடையே ஏராளம். ஆனால் அந்தக் கொட்டை ஒரு பழத்தின் விதை என்பதையும், அப்பழத்துக்குக் குங்கும நிறத்தில் ஒரு தோலும், அதனடியில் தித்திப்பான, வழவழப்பான சதையும் உண்டு என்பதையும் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலரே. தேங்காயைத் தின்றவன் மட்டையை அறிவான். பலாச்சுளையைத் தின்றவன் சடையையும் முள்ளையும் அறிவான். காப்பி குடிப்பவனோ, தான் விதையை எடுத்துக்கொண்டு பழத்தை மலையிலேயே விட்டுவந்திருக்கிறான் என்பதை அறியாமலே ஆயுள் முழுவதும் காப்பி குடிக்கிறான்.

நானும் அப்படித்தான் இருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மார்கழியில், அய்யம்பாளையத்திலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் மலைப்பாதையில் சென்றபோது, ஒரு வளைவு திரும்பியதும், புளிக்கத் தொடங்கிய பழப்பாகின் வாசனை காற்றில் கனமாக வந்து முகத்தில் மோதியது. சாலையை ஒட்டிய ஒரு சிறு தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்த நிழலில், பழத்தின் தோலை நீக்கும் பல்பர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பழத்தைக் கொட்ட, மறுபக்கம் பச்சைக் கொட்டை தண்ணீரோடு தொட்டியில் விழ, பின்புறமாகச் சிவந்த தோல் ஒரு குவியலாகச் சேர்ந்துகொண்டிருந்தது. அன்று விழுந்த தோல் சிவப்பாகவும், முதல்நாள் தோல் தவிட்டு நிறமாகவும், அதற்கும் அடியில் இருந்தது கருத்துப்போய்ச் சிறு ஈக்கள் மொய்த்துக்கொண்டும் இருந்த அந்தக் குவியலைக் காட்டி, "இதை என்னய்யா செய்வீர்கள்?" என்று அங்கிருந்த பெரியவரிடம் கேட்டேன். "என்னங்க செய்யறது, குழியில தள்ளிருவோம். மக்குனா எருவாகும். பெரிய மழை பிடிச்சுச்சுன்னா ஓடைக்குப் போயிரும்" என்றார் அவர்.

அந்தக் குவியல் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். 100 கிலோ பழம் பறித்தால், தோல் நீக்கி, பசை நீக்கி, கழுவி, உலர்த்தி, மேலோடும் உடைத்த பின் கைக்கு வருகிற பச்சைக் கொட்டை 18 முதல் 20 கிலோ வரைதான். பல்பரின் பின்புறம் விழும் ஈரத்தோலும் சதையும் மாத்திரம் ஏறத்தாழ 40 கிலோ. அதாவது, நாம் விலை கொடுத்து வாங்குகிற ஒவ்வொரு கிலோக் கொட்டைக்கும், நாம் காணாத இரண்டு கிலோ தோல் எங்கோ ஒரு மலைச்சரிவில் அழுகியிருக்கிறது. அதில் சர்க்கரைச் சத்து மிகுதி. அது நீரோடு கலந்து ஓடைக்குப் போனால், அந்தச் சர்க்கரையை உண்டு பெருகும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள பிராணவாயுவையெல்லாம் குடித்துவிட, மீனும் தவளையும் வாழ முடியாத கறுத்த தண்ணீராக அது மாறுகிறது. கீழ்ப்பழனி மலைகளில் பிறந்து அய்யம்பாளையத்தருகே மருதாநதி அணையில் வந்து சேரும் நீரை நம்பிப் பயிர் செய்பவர்களுக்கு, மலையுச்சியில் ஒரு பல்பரின் பின்புறம் என்ன விழுகிறது என்பது தூரத்துச் சமாசாரம் அல்ல.

இவ்வாறு கழிவென்று தள்ளப்பட்ட அந்தத் தோல்தான் இப்போது சரும லேபனங்களிலும், முகம் கழுவும் திரவங்களிலும், கண்ணடிக் கருமைக்கென விற்கப்படும் சிறு குப்பிகளிலும் ஒரு விசேஷ வஸ்துவாக இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. காப்பிப் பழத்தோலில் குளோரோஜெனிக் அமிலம் முதலான பாலிபினால்களும், காஃபீனும், அதன் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் நிறமிகளும் உள்ளன. இவற்றைச் சாராயத்திலோ கிளிசரினிலோ ஊறவைத்துப் பிரித்தெடுத்தால் கிடைக்கும் சாற்றைத்தான், புட்டிகளின் பின்புறத்தில் பொடி எழுத்தில் 'காஃபியா அராபிகா ஃப்ரூட் எக்ஸ்ட்ராக்ட்' என்று அச்சிடுகிறார்கள்.

பழத்தோல் பயனற்றது என்ற எண்ணம் உலகத்தில் எல்லாருக்கும் இருந்ததில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். காப்பியை உலகுக்கு அளித்த யேமன் தேசத்தில், கொட்டையைக் கப்பலேற்றிவிட்டு, உலர்ந்த தோலை இஞ்சியோடு கொதிக்கவைத்து 'கிஷ்ர்' என்ற பெயரில் குடித்துவந்தார்கள்; இன்றும் குடிக்கிறார்கள். எத்தியோப்பியாவின் கிழக்குப் பகுதியில் அதற்கு 'ஹஷாரா' என்று பெயர், பொலிவியாவில் 'சுல்தானா'. ஐரோப்பிய ஒன்றியமோ அதே தோலைப் பானமாக விற்க 2022 ஜனவரியில்தான் அனுமதி கொடுத்தது.

நமக்கும், அடுப்படியிலும் களத்திலும் மிஞ்சியதை உடம்பில் பூசுவது புதிய பழக்கமல்ல. ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து, பச்சைப்பயறும் கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும் ரோஜா இதழும் சேர்த்து இடித்துச் சலித்த நலங்கு மாவைப் பூசி, குழந்தையைக் குளிப்பாட்டிய பாட்டிமார்களுக்கு, அரிசி களைந்த நீரை வீணாக்காமல் தலைக்கு விட்டுக்கொண்ட பெண்களுக்கு, பழத்தோல் சருமத்துக்கு உதவும் என்று எந்த விளம்பரமும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆகையால் காப்பிப் பழத்தோல் அழகுப் பொருளாவதை நான் மனப்பூர்வமாக வரவேற்கிறேன். ஆனால் அந்த வரவேற்பு இரண்டு காரியங்களுக்கு உட்பட்டது: விற்பவர் உண்மை பேச வேண்டும், விளைவிப்பவருக்குப் பங்கு கிடைக்க வேண்டும்.

முதலில் உண்மையைப் பற்றி. காஃபீன் சருமத்தை ஊடுருவக் கூடியது என்பதும், இரத்தக் குழாய்களைத் தற்காலிகமாகச் சுருங்கச் செய்வதால் கண்ணடி வீக்கத்தைச் சிறிது நேரத்துக்குத் தணிக்கும் என்பதும் சரியே. பாலிபினால்கள், செல்களைச் சிதைக்கும் ஆக்ஸிஜன் வினைகளைத் தடுப்பதைச் சோதனைக் குழாயில் கண்டிருக்கிறார்கள் என்பதும் சரியே. ஆனால் சோதனைக் குழாய் மனித சருமம் அல்ல. நம் மேல்தோல், வெளியிலிருந்து வருவதை உள்ளே விடாதிருப்பதையே தன் தொழிலாகக் கொண்ட ஒரு கோட்டை மதில். காஃபீனைப் போல எல்லாச் சத்தும் எளிதில் அதைத் தாண்டிவிடுவதில்லை. சுருக்கம் மறையும், பத்து வயது குறையும், வெயிலுக்குக் கவசமாகும் என்றெல்லாம் இந்தச் சாற்றைப் பற்றிச் சொல்வது, தெரிந்ததற்கு மேலே சொல்வதாகும். கறுத்த மேனியை வெளுப்பாக்கும் என்று சொல்வதோ அதனினும் கொடிது. நம் பெண்களின் இயல்பான நிறத்தை ஒரு நோயாகக் காட்டி, அந்த நோய்க்கு மருந்தும் தானே விற்கும் வியாபாரத்தில், ஏழை விவசாயியின் மலைப்பழமும் ஒரு சாட்சியாக நிறுத்தப்படுவதை நான் பொறுக்கமாட்டேன்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்றால், இல்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டமும், அதன் கீழ் 2020-இல் வகுக்கப்பட்ட அழகுப் பொருள் விதிகளும், பொய்யான அல்லது மயக்கம் தரும் கருத்தை உண்டாக்கும் எதையும் அழகுப் பொருளின் மேல் எழுதலாகாது என்கின்றன. உட்பொருள்களை எடையின் இறங்கு வரிசையில் எழுத வேண்டும் என்பதும் விதி. ஆனால் அந்த விதியிலேயே, ஒரு சதவீதமும் அதற்குக் குறைவாகவும் உள்ளவற்றைக் கடைசியில் எந்த வரிசையிலும் எழுதலாம் என்ற சலுகையும் இருக்கிறது. இதன் விளைவு என்னவென்றால், புட்டியின் முகப்பில் சிவந்த காப்பிப் பழக் கொத்தின் படம் முக்கால் பாகத்தை அடைத்துக்கொண்டிருக்க, உள்ளே அந்தப் பழத்தின் சாறு துளியினும் துளியாகக் கலந்திருக்கலாம்; வாங்குகிறவர் அறிய வழியில்லை. எந்தப் பொருளின் படத்தை முகப்பில் போடுகிறார்களோ, அந்தப் பொருள் எத்தனை சதவீதம் என்பதையும் அதே முகப்பில் போட வேண்டும் என்று ஒரு விதி வந்தால், பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீரும்.

சுத்தம் என்பது இன்னொரு விஷயம். காப்பியின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு இலைத்துரு நோயின் பெயர் தெரியும். 1869-இல் இலங்கையில் அது கண்டறியப்பட்டு, அடுத்த இருபதாண்டுகளுக்குள் அத்தீவின் காப்பித் தோட்டங்களை அழித்து அவற்றைத் தேயிலைத் தோட்டங்களாக மாற்றியது. காப்பிக்கென்று தமிழ்நாட்டுச் சீமையிலிருந்து மன்னார் வழியாக நடந்துபோன நம் ஜனங்களின் சந்ததியார் தேயிலை பறிக்க நேர்ந்ததற்கு அந்தத் துருவே காரணம். அதைத் தடுக்க நம் தோட்டங்களில் இன்றும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கிறார்கள். காய்த்துளைப்பான் வண்டு 1990-இல் கூடலூர்ப் பக்கம் காணப்பட்ட பிறகு, பூச்சிக்கொல்லித் தெளிப்பும் சேர்ந்தது. கொட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது, இவற்றின் எச்சம் பெரும்பாலும் தோலோடு போய்விடுகிறது. தோலையே முகத்தில் பூசப்போகிறோம் என்றால், அந்த எச்சம் முதல் கேள்வியாகிவிடுகிறது. ஈரம் வற்றாமல் குவிந்த தோலில் பூஞ்சை பிடித்தால் ஓக்ராடாக்ஸின் என்ற நச்சுப் பொருளும் உண்டாகக்கூடும். 'இயற்கையானது' என்ற ஒரு சொல் இவற்றையெல்லாம் மூடி மறைத்துவிடக் கூடாது. கழிவு என்று கருதப்பட்டதைக் கழிவைப் போலவே கையாண்டு, அதை நேரே புட்டியில் அடைக்க முடியாது. பறிக்கும் நாளிலிருந்தே அதை ஒரு விளைபொருளாக மதிக்க வேண்டும்.

இனி, பங்கைப் பற்றி. எனக்கு இதில்தான் அதிக அக்கறை.

பிரான்சு தேசத்தின் போர்டோ பிரதேசத்தில் (மேலே சொன்ன கலவைக்குப் பெயர் கொடுத்த அதே ஊர்தான்) ஒரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. ஷாத்தோ ஸ்மித் ஓ லஃபீத் என்று பெயர். 1993-இல் அறுவடைச் சமயத்தில் அங்கே வந்த ஜோசஃப் வெர்கோத்தரன் என்ற பேராசிரியர், மது பிழிந்த பின் ஒதுக்கப்படும் திராட்சை விதையில் அரிய பாலிபினால்கள் இருப்பதை எடுத்துச் சொல்ல, அந்தத் தோட்டக்காரரின் மகளான மத்தில்ட் தோமா என்பவரும் அவருடைய கணவரும் 1995-இல் கோதாலி என்ற அழகுப் பொருள் ஸ்தாபனத்தைத் துவங்கினார்கள். இன்று அது உலகெங்கும் விற்கிறது. இந்தக் கதையில் நான் கவனிக்கும் அம்சம் விஞ்ஞானம் அன்று. சக்கை எவருடைய தோட்டத்தில் விழுந்ததோ, அவருடைய குடும்பமே அதை விலைப்பொருளாக்கியது. அதனால் லாபமும் அந்தத் தோட்டத்து வாசலைத் தாண்டிப் போகாமல் நின்றது.

இதற்கு நேர்மாறான திசையில் மொராக்கோ தேசத்து அர்கான் மரத்தின் கதை இருக்கிறது. அந்நாட்டின் தென்மேற்கே வறண்ட நிலத்தில் வளரும் அந்த மரத்தின் கொட்டையை, இரண்டு கற்களுக்கிடையே வைத்து ஒவ்வொன்றாக உடைத்து எண்ணெய் எடுப்பது அங்குள்ள பெண்களின் பரம்பரைத் தொழில். ரபாத் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜுபைதா சரூஃப் என்ற பேராசிரியை, 1990-களின் நடுவில் அந்தப் பெண்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்த்தார். எண்ணெய் சீமாட்டிகளின் அலங்கார மேஜைக்குப் போய் அதன் விலை பன்மடங்கு ஏறியது. ஆனால் வெளியூர் வியாபாரிகள் காயை மொத்தமாக வாங்கி ஆலைகளில் ஆட்டத் தொடங்கிய பின்பு, ஏறிய விலையில் கல்லும் கையுமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்களுக்கு வந்து சேர்ந்தது சொற்பமே. சங்கம் இருந்தும் அவர்கள் நிலை இதுவென்றால், சங்கமே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

இந்தியாவின் காப்பித் தோட்டங்களில் 100-க்கு 98-க்குக் குறையாதவை 10 ஹெக்டேருக்கு உட்பட்ட சிறு தோட்டங்கள். சேர்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் மலையாளிப் பழங்குடியினர் வீட்டைச் சுற்றி வைத்திருக்கும் காப்பிச் செடிகளும் இவற்றில் அடக்கம். இவர்களில் பலருக்குப் பல்பர் வாங்க வசதி கிடையாது. பழத்தைப் பறித்த அன்றே கிலோ இன்ன விலை என்று வியாபாரியிடம் போட்டுவிடுகிறார்கள், அல்லது களத்தில் அப்படியே உலர்த்தித் தோலோடு விற்கிறார்கள். ஆக, தோல் ஏற்கெனவே விற்பனையாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதற்கென்று விலை மட்டும் கிடையாது. வியாபாரி கொட்டைக்குக் கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கிறான். தோல் இனாமாக அவனோடு போகிறது. நாளை அந்தத் தோலுக்கு நகரத்தில் ஒரு மதிப்பு ஏற்பட்டால், அந்த மதிப்பு மலைக்கு ஏறிவர எந்தப் பாதையும் இல்லை.

கழிவுக்கு ஒரு விலை ஏற்பட்டதற்கு நம் நாட்டிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. பொள்ளாச்சி வட்டாரத்தில் தென்னை நார் மில்களுக்கு வெளியே, நார் எடுத்தபின் மிஞ்சும் பொடி ஒரு காலத்தில் குன்று குன்றாகக் குவிந்து கிடந்தது. அதை அகற்றவே ஆளைத் தேட வேண்டியிருந்தது. இன்று அதே பொடி கட்டிகளாக அழுத்தப்பட்டு, வெளிநாட்டுப் பசுமைக்குடில்களில் மண்ணுக்குப் பதிலாகக் கப்பலேறுகிறது. அதன் பயனாகத் தென்னை விவசாயிக்கும் காய்க்கு ஒரு விலை, மட்டைக்குத் தனியாக ஒரு விலை என்று கிடைக்கிறது. விலை ஏறினாலும் இறங்கினாலும், மட்டைக்கு விலை உண்டு என்பது சந்தையில் ஸ்தாபிதமாகிவிட்டது. காப்பிப் பழத்தோலுக்கு நான் கேட்பதும் இதைத்தான். பொடியைக் கழுவிய உப்பு நீர் அந்த வட்டாரத்துக் கிணறுகளைக் கெடுத்ததையும் மறக்கக் கூடாது. ஒரு கழிவுக்கு வழி செய்கிறோம் என்று இன்னொரு கழிவை உண்டாக்கும் தவறு மலையில் நேர்ந்தால், அடிவாரம் முழுவதும் அதை அனுபவிக்கும்.

தோலைச் சாறாக்கும் வேலை மலையிலேயே நடக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் பழத்தின் இயல்பே காரணமாக நிற்கிறது. தாண்டிக்குடிப் பாதையில் நான் கண்ட அந்தக் குவியல் ஒரே நாளில் சிவப்பிலிருந்து தவிட்டு நிறத்துக்கு மாறியதே, அந்த நிறமாற்றம் வேறொன்றுமில்லை. எந்தக் குளோரோஜெனிக் அமிலத்துக்காக நகரத்து ஸ்தாபனங்கள் விலை கொடுக்கின்றனவோ, அது காற்றுப்பட்டுச் சிதைந்துபோவதன் அடையாளமே அது. லாரியில் ஏற்றிச் சமவெளியில் உள்ள ஆலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் சத்து குறைந்துவிடும். பல்பரிலிருந்து விழுந்த சில மணி நேரத்துக்குள் உலர்த்தலைத் துவங்கினாலன்றித் தோலுக்கு மதிப்பில்லை. ஆனால் கீழ்ப்பழனியில் பழம் பழுக்கும் கார்த்திகையும் மார்கழியும் வடகிழக்குப் பருவமழையின் காலம். களத்தில் பரப்பிவைத்து வெயிலை எதிர்பார்த்துக் காத்திருந்தால், பூஞ்சைதான் மிஞ்சும். ஆகவே, பத்து இருபது சிறு விவசாயிகள் சேர்ந்து உபயோகிக்கத்தக்க, மழைநாளிலும் இயங்கும் ஓர் உலர்த்தும் கூடம் ஒவ்வொரு மலைக்கிராமத்துக்கும் அவசியம். அதை ஒரு ஏழைக் குடும்பம் தனியாகக் கட்ட இயலாது.

மண்ணின் பங்கையும் நினைக்க வேண்டும். அந்தப் பெரியவர் குழியில் தள்ளுகிற தோல் வீணாகிவிடுகிறது என்று முழுக்கச் சொல்லிவிட முடியாது. அதில் சாம்பல் சத்து நிறைய இருக்கிறது, மக்கினால் செடிக்கே திரும்பப் போகிறது. தோலை மொத்தமாக மலையிலிருந்து இறக்கிவிட்டால், அந்தச் சத்தை அவர் பிறகு காசு கொடுத்து மூட்டையில் வாங்க வேண்டியிருக்கும். சாறு எடுக்கும் வேலை மலையிலேயே நடந்தால், சாறு மாத்திரம் சிறு கலங்களில் கீழே இறங்கும். சக்கை அதே தோட்டத்துக் குழிக்கு எருவாகத் திரும்பும். செடிக்கு வேண்டியது செடிக்கும், சீமாட்டிக்கு வேண்டியது சீமாட்டிக்கும் போய்ச் சேர, ஓடைக்குப் போக ஒன்றும் மிஞ்சாது.

பங்கு கொடுப்பதற்கு வழி தெரியவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அகத்தியமலைச் சாரலில் வாழும் காணிக்காரர்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையிலிருந்து, பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையம் 'ஜீவனி' என்ற மருந்தைத் தயாரித்து, 1995-இல் அதன் உரிமத்தைக் கோயமுத்தூர் ஆரிய வைத்திய பார்மஸிக்குக் கொடுத்தபோது, உரிமத் தொகையிலும் பிற்பாடு வரும் ராயல்டியிலும் சரிபாதி அந்தப் பழங்குடியினருக்கு என்று தீர்மானித்தது; அவர்கள் பெயரால் 1997-இல் ஓர் அறக்கட்டளையும் பதிவாயிற்று. இடையில் இடையூறுகள் பல நேர்ந்தன என்பது உண்மையே. எனினும் பாதி என்று ஒரு கணக்கு எழுத்தில் ஏறியது சிறிய காரியமன்று.

தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. நோய்க்கும் விளைச்சலுக்கும் அது ஆற்றும் பணியோடு, பழத்தோலை எத்தனை மணி நேரத்துக்குள், எவ்வளவு சூட்டில், எந்த ஈரப்பதம் வரை உலர்த்த வேண்டும், தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்ற பாடத்தையும் அது மலைவாசிகளுக்குத் தமிழில் கற்றுத்தரத் துவங்கலாம். ராஜ்ய சர்க்கார் முதல் உலர்த்தும் கூடத்தைக் கட்டித் தரலாம். வாங்கவரும் ஸ்தாபனம் எதுவாயினும், தோலுக்குத் தனி விலையைக் கிலோக் கணக்கில் எழுதிக் கொடுத்த பின்பே வாங்க வேண்டும் என்று விவசாயிகளின் சங்கம் நிபந்தனை போடலாம். இவற்றில் எதற்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. அராபிகாப் பழம் மறுபடியும் கார்த்திகையில் சிவக்கும். அதற்கு முன்பு அந்தப் பெரியவரின் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரே ஒரு கூடமாவது எழுந்திருந்தால், நான் மீண்டும் அந்தப் பாதையில் ஏறிப்போய், கிலோவுக்கு என்ன விலை வந்தது என்று அவரையே கேட்டு வருவேன்.